அடிபட்ட கார் பாகத்தைக் குறைந்த செலவில் சரிசெய்து பெயின்ட் அடித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சேதத்தை நாமே சரிசெய்யலாம், எதைத் தொடக் கூடாது?

அடி எவ்வளவு பெரிது என்பதைவிட எங்கே பட்டிருக்கிறது என்பதே முக்கியம். முன் ஃபெண்டர், பானெட், கதவு, டிக்கி, பம்பர் ஆகியவை போல்ட்டிலும் கிளிப்பிலும் நிற்பவை. வேலை கெட்டுப்போனாலும் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம் என்பதால், கை பழகுவதற்கு இவையே ஏற்றவை. கூரை, பின்சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு, கதவுகளுக்கு அடியில் ஓடும் படிப்பகுதி ஆகியவை வண்டியின் உடலோடு பற்றவைக்கப்பட்டவை. அவற்றில் மேலோட்டமான ஒடுக்கை எடுக்கலாமே தவிர, மடிந்துபோன இடத்தில் கைவைக்கக் கூடாது.

கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் தெரிந்தாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, பம்பருக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தண்டு வளைந்திருந்தாலோ, அது பட்டியும் (மேடுபள்ளத்தைச் சமன்செய்யப் பூசும் பசை) பெயின்டும் தீர்க்கும் சிக்கல் அல்ல. கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் தண்டு மிக உயர்ந்த வலுவுள்ள எஃகால் ஆனது. அதைச் சூடாக்கி நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகும், ஆனால் வலு போய்விடும்.

பாகத்தைச் சரிசெய்வது மலிவா, பழைய பாகம் வாங்கி மாட்டுவது மலிவா?

இந்தக் கேள்வியைப் பலர் வேலையைப் பாதி முடித்த பிறகுதான் கேட்கிறார்கள். உடைத்து விற்கும் இடங்களில் அதே மாடலின், அதே நிறக் குறியீட்டின் ஃபெண்டரோ கதவோ கிடைத்தால், பட்டி, பிரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் அடிப்பூச்சு), பெயின்ட், எமரித்தாள் எல்லாம் சேர்ந்து வரும் செலவைவிடக் குறைவாகவே பெரும்பாலும் முடிந்துவிடும். ஓரம் மடிந்த ஃபெண்டர், தகட்டில் ஓடும் கூர்மையான வரியில் அடிபட்ட கதவு, உட்சட்டம் நெளிந்த பானெட் ஆகியவற்றுக்கு நான் தயங்காமல் பழைய பாகத்தையே சொல்வேன்.

வாங்கும் முன், பாகத்தின் உட்பக்கத்தையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். துரு முதலில் தொடங்குவது அங்கேதான். ஏற்கெனவே பட்டி போட்ட பாகமா என்று அறிய, மெல்லிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி மேலே நகர்த்திப் பார்த்தால் போதும்: பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் பிடிப்பு தளரும். காந்தம் எங்குமே ஒட்டவில்லை என்றால் பாகம் அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அலுமினியத்தை எஃகில் பயன்படுத்திய அதே அரத்தாலும் எமரித்தாளாலும் தேய்க்கக் கூடாது. அதில் பதியும் எஃகுத் துகள்கள் பின்னாளில் அரிப்பைத் தொடங்கிவிடும்.

பணத்தை உண்மையில் எங்கே மிச்சப்படுத்தலாம்?

கூலியில். பட்டறையில் ஒரு பாகத்துக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி கழற்றுவதிலும், தேய்ப்பதிலும், பெயின்ட் படக் கூடாத இடங்களை மறைப்பதிலும், திரும்ப மாட்டுவதிலும் போகிறது. பெயின்ட் தெளிப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே எனக்குத் தெரிந்த மிகச் சிக்கனமான வழி, பாகத்தை நீங்களே கழற்றி, ஒடுக்கெடுத்து, பட்டி போட்டு, பிரைமர் வரை தேய்த்து முடித்து, தெளிக்கும் வேலையை மட்டும் பெயின்டரிடம் கொடுப்பது. எல்லாப் பெயின்டர்களும் இதற்கு இசைய மாட்டார்கள், ஏனெனில் அடித்தளத்தில் உள்ள குறை மேலே தெரிந்தால் பழி தங்கள்மேல் விழும் என்று அஞ்சுவார்கள். அது நியாயமான அச்சம். எந்தப் பிரைமர், எந்த எண் எமரித்தாள் (எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்) வரை தேய்க்க வேண்டும் என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு, அவர் சொன்னபடி செய்து எடுத்துச் சென்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

மிச்சப்படுத்தக் கூடாத இடங்களும் உண்டு. மலிவான மாஸ்கிங் டேப் ஓரத்தில் பெயின்டை உள்ளே விட்டுவிடும், உரிக்கும்போது பசையையும் விட்டுச்செல்லும். மலிவான எமரித்தாள் உதிர்க்கும் பெரிய துகள் ஒன்று போட்ட கீறல், மூன்று பூச்சுக்குப் பிறகும் கண்ணில் படும்.

பெயின்ட் உடையாமல் ஒடுங்கியிருக்கிறது. பெயின்ட் அடிக்காமலே சரிசெய்ய முடியுமா?

முடியும், முடிந்தவரை அப்படியே செய்யுங்கள். தொழிற்சாலையில் அடித்த பூச்சுக்கு இணையான ஒன்றை வீட்டில் எவராலும் அடிக்க முடியாது. ஒடுக்கு ஆழமற்றதாகவும் மடிப்பில்லாததாகவும் இருந்தால், உட்பக்கத்திலிருந்து வளைகம்பியால் சிறுகச் சிறுகத் தள்ளியோ, வெளிப்பக்கம் பசையால் ஒட்டிய பிடியை இழுத்தோ எடுக்கலாம். நடுவை ஒரேயடியாகத் தள்ளினால் அங்கே ஒரு மேடு எழும்பிவிடும். ஒடுக்கின் விளிம்பிலிருந்து சுற்றிச்சுற்றி உள்நோக்கி வருவதே முறை. சூடாக்கிப் பிறகு பனிக்கட்டியால் குளிர்வித்தால் ஒடுக்கு தானாக வெளியே குதிக்கும் என்ற காணொளி வித்தையை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம். மடிப்பு விழுந்த தகட்டில் அது பலிப்பதில்லை.

பிளாஸ்டிக் பம்பரில் கதை வேறு. கொதிநீரை ஒடுங்கிய இடத்தில் ஊற்றி, பிளாஸ்டிக் இளகியதும் தடித்த கையுறை அணிந்து உட்புறமிருந்து தள்ளினால், பெரும்பாலான பம்பர்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். தள்ளிய நிலையிலேயே குளிர்ந்த நீர் ஊற்றி இறுகவிட வேண்டும்.

உலோகப் பாகத்தில் ஒடுக்கெடுத்துப் பட்டி போடும் முறை என்ன?

முன் ஃபெண்டரில் கையகல ஒடுக்கு ஒன்று, நடுவில் பெயின்ட் உடைந்து உலோகம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தகட்டை முடிந்தவரை பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். பட்டி என்பது ஒடுக்கை நிரப்பும் பொருள் அல்ல, தட்டி நிமிர்த்திய பிறகு எஞ்சும் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பொருள். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் டிங்கரிங் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். உட்புறம் ஒரு இரும்புக் கட்டையைத் தாங்கிக்கொண்டு, வெளிப்புறம் மேடாக நிற்கும் வளையத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகடு, அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும், அதைச் சுருக்குவது தனிக் கலை.

அடுத்து, மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் கரைப்பானால் துடைத்துவிட்டுத்தான் தேய்க்கத் தொடங்க வேண்டும். வரிசையை மாற்றினால் மெழுகைத் தேய்த்தே உலோகத்துக்குள் ஏற்றிவிடுவீர்கள். ஒரு துணியால் நனைத்து, அது காயுமுன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்; ஒரே துணியால் செய்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. பிறகு 80 எண் எமரித்தாளால் ஒடுங்கிய இடத்தை உலோகம் வரை தேய்த்து, சுற்றியுள்ள பழைய பெயின்டின் விளிம்பை 180, 320 என்று ஏறுவரிசையில் தேய்த்துச் சரிவாக்குங்கள். சரியாகச் செய்திருந்தால் உலோகம், பிரைமர், நிறம், கிளியர் (நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) ஆகிய அடுக்குகள் குளத்தில் கல் எறிந்ததுபோல் அகன்ற வளையங்களாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எந்த விளிம்பும் தட்டக் கூடாது.

பட்டியில் ஹார்டனரின் (இறுகவைக்கக் கலக்கும் பொருள்) அளவு எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்; எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி அளவு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது பலரும் செய்யும் தவறு: ஹார்டனரில் உள்ள பெராக்சைடு மிகுதியாகிப் பின்னர் பெயின்டின் வழியே கறையாகக் கசிந்து வரும். குறைத்தாலோ பட்டி பிசுபிசுப்பாகவே நிற்கும். நிறம் சீராகும் வரை தட்டையான பலகையில் அழுத்தி அழுத்திக் கலக்குங்கள். கிண்டினால் காற்றுக் குமிழ் புகுந்து, தேய்க்கும்போது ஊசித்துளையாக வெளிப்படும். கலந்தபின் நான்கைந்து நிமிடமே கையில் இருக்கும் என்பதால் கொஞ்சமாகக் கலந்து, முதல் பூச்சை மெல்லியதாக அழுத்திப் பூசி, அதன்மேல் அடுத்ததைப் பூசுங்கள். அரைமணி நேரம் காயவிட்டு, கையால் அல்லாமல் நீளமான கட்டையில் தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் அமுங்கிய இடமெல்லாம் வாய்க்காலாகிவிடும்.

பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. தூசு பறக்காது, தாள் அடைக்காது என்பதற்காகப் பலரும் அப்படித்தான் தேய்க்கிறார்கள். நானும் என் முதல் வேலையில் அப்படித்தான் செய்தேன். கதவின் கீழ்ப்பகுதி, பெயின்ட் அடித்த அன்று கண்ணாடிபோல் இருந்தது. நாலைந்து மாதம் கழித்துக் கடுகளவு கொப்புளங்கள் எழும்பின. ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே ஈரமும் பழுப்புத் துருவும் இருந்தன. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் அடியிலுள்ள எஃகைத் தின்னும். அந்தக் கதவை உலோகம் வரை சுரண்டி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. பட்டியை உலர்ந்த நிலையில், முகமூடி அணிந்து தேய்த்துவிட்டு, தண்ணீரைப் பிரைமருக்குப் பிறகான தேய்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துரு பிடித்திருந்தால்?

மேல்துரு என்றால் பளபளக்கும் உலோகம் தெரியும் வரை சுரண்டுங்கள். குழிகளில் ஒளிந்திருக்கும் மிச்சத்துக்குத் துருமாற்றி திரவம் தடவினால் அது கறுத்து நிலைபெறும். தகடு ஓட்டை விழுந்திருந்தால் பட்டி போட்டு அடைப்பது ஏமாற்று வேலை. பின்னாலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும், பட்டி விழுந்துவிடும். வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும், அல்லது பாகத்தையே மாற்ற வேண்டும்.

எந்தப் பிரைமர் வாங்க வேண்டும்?

வெறும் உலோகத்தில் அரிப்பைத் தடுக்க எபாக்ஸி பிரைமர் மிக நம்பகமானது. அமிலம் கலந்த எட்ச் பிரைமரும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அதன்மேல் நேராகப் பாலியெஸ்டர் பட்டி போடக் கூடாது, அமிலத்தால் பட்டி இறுகாமல் போகும். இவற்றின்மேல், தேய்ப்புக் கோடுகளை நிரப்பும் தடித்த ஃபில்லர் பிரைமர் இரண்டு மூன்று பூச்சு வேண்டும்.

அது காய்ந்ததும் கறுப்புப் பெயின்டைத் தூரத்திலிருந்து புகைபோல் மெல்லத் தூவிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். கட்டை தொட்ட இடமெல்லாம் கறுப்பு போய்விடும், பள்ளமான இடத்தில் மட்டும் நிற்கும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத குறையை இது காட்டிக்கொடுத்துவிடும். மங்கலான பிரைமரில் தெரியாத பள்ளம், பளபளப்பு வந்ததும் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். கறுப்பு முற்றிலும் போகும் வரை 400 எண் தாளிலும், பிறகு 600 எண் தாளில் தண்ணீர் தொட்டும் தேய்த்தால் நிறத்துக்குத் தளம் தயார்.

பிளாஸ்டிக் பம்பரில் விரிசல் விட்டிருந்தால் என்ன செய்வது?

பம்பரின் உட்புறத்தில் அது எந்தப் பிளாஸ்டிக் என்ற குறி அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் பிபி என்ற எழுத்துகளில் தொடங்கும், அதாவது பாலிபுரோப்பிலீன். அதற்கு எளிதில் எதுவும் ஒட்டாது. சாதாரணப் பசையும் பட்டியும் சில வாரத்தில் தகடாகக் கழன்றுவிடும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பின்புறம் சூட்டில் பதிக்கும் கம்பித் தையலாலோ, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கியோ இணைத்து, முன்புறம் நெகிழும் தன்மையுள்ள பம்பர் பட்டியால் சமன்செய்யுங்கள். பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடத்துக்கெல்லாம் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள ஒட்டுப் பிரைமர் கட்டாயம். கழுவும்போது தாள்தாளாக உரியும் பம்பர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பூச்சைத் தவிர்த்தவை, அல்லது பிசுக்கு நீக்காமல் அடித்தவை.

பம்பரில் ரேடாரோ பார்க்கிங் சென்சாரோ இருந்தால்?

ரேடார் பம்பர் தோலின் வழியே ஊடுருவிப் பார்க்கிறது. அதற்கு நேர் முன்னால் பட்டி போடுவதும் கூடுதல் பூச்சு ஏற்றுவதும், முக்கியமாக உலோகத் துகள் கொண்ட பெயின்ட் தடித்துப்போவதும், அலையைக் குலைத்துவிடும். அந்த இடத்தில் அடிபட்டிருந்தால் சிக்கனம் பார்க்காமல் பம்பரை மாற்றி, ரேடாரைச் சீரமைத்து வாங்குங்கள். பார்க்கிங் சென்சார்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

நிறக் குறியீடு சரியாகப் பார்த்து வாங்கியும் நிறம் பொருந்தவில்லையே, ஏன்?

குறியீடு கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் இருக்கும். அது தொழிற்சாலை வகுத்த நிறத்தைச் சொல்கிறது, வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற உங்கள் வண்டியின் இன்றைய நிறத்தை அல்ல. ஒரே குறியீட்டுக்குச் சற்று மாறுபட்ட பல கலவைகளும் இருப்பதுண்டு. ஆகவே பெயின்ட் கடைக்குக் குறியீட்டை மட்டும் எடுத்துச் செல்லாமல், பெட்ரோல் ஊற்றும் இடத்தின் வெளிமூடியை (வண்டியின் நிறத்தில் இருப்பதை) மாதிரியாகக் கழற்றிப் பாலிஷ் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

மெட்டாலிக் நிறத்தில் கைவாகும் நிறத்தை மாற்றும். ஈரமாக, நெருங்கி அடித்தால் கருமை கூடும். தூரத்திலிருந்து உலர்வாக அடித்தால் வெளிறும். முதலில் ஒரு அட்டையில் அடித்து, கிளியரும் பூசி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் வண்டியின்மேல் வைத்து, நேராகவும் சாய்வாகவும் பாருங்கள். கிளியர் இல்லாமல் ஒப்பிடுவதில் பயனில்லை. முத்து நிறங்களில் அடிநிறம், முத்துப்பூச்சு, கிளியர் என மூன்று அடுக்குகள் இருப்பதால், முத்துப்பூச்சு எத்தனை முறை என்பதே நிறத்தை நிர்ணயிக்கும். முதல் முயற்சிக்கு இதை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு சிறு வேறுபாடு நிற்கும். அதை மறைக்கப் பெயின்டர்கள் கையாளும் உத்தி, நிறத்தைச் சேத இடத்தில் முழுதாக அடித்து வெளிப்புறம் போகப் போக மெலிய விட்டு, கிளியரை மட்டும் பாகம் முழுவதும் அடிப்பது. கிளியரைப் பாகத்தின் நடுவில் நிறுத்தினால், அந்த விளிம்பு நாளடைவில் வெளுத்து உரியத் தொடங்கும்.

ஸ்ப்ரே டப்பா போதுமா, கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வேண்டுமா?

பம்பர் மூலை, பக்கக் கண்ணாடியின் மூடி, ஃபெண்டர் போன்றவற்றுக்கு டப்பா போதும். பானெட் அளவுக்குப் பரந்த கிடைத்தளத்தில் டப்பாவால் சீராக அடிப்பது கடினம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர், பெட்ரோலையும் வெயிலையும் தாங்கும் கடினமான பளபளப்பைத் தருவது உண்மை; அடிப்பக்கப் பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் கலக்கும் டப்பாக்களாகவும் அது கிடைக்கிறது. அதிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயை ஒவ்வாமைக்குப் பழக்கி, நிரந்தர ஆஸ்துமாவைத் தரக்கூடியது. சாதாரணத் தூசு முகமூடி அதற்கு எந்தப் பாதுகாப்பும் அல்ல. பட்டறைகளில் வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகக்கவசம் அணிந்துதான் அடிக்கிறார்கள். வீட்டில் அடிப்பவர் ஹார்டனர் கலக்காத ஒன்-கே கிளியரோடு நின்றுகொள்வதும், டூ-கே வேண்டுமானால் அந்தப் பூச்சைப் பெயின்டரிடம் விடுவதுமே சரி. ஒன்-கேயிலும் கரைப்பான் ஆவி உண்டு. காற்றோட்டம் வேண்டும், அருகில் நெருப்பு கூடாது, கரிவடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

தெளிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வெப்பநிலை 18 முதல் 25 பாகைக்குள், காற்றில் ஈரம் குறைவாக உள்ள வேளையைத் தேர்ந்தெடுங்கள். ஈரக் காற்றில் ஒன்-கே கிளியர் பால்போல் வெளுக்கும்; நேர் வெயிலில் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே சிக்கிய கரைப்பான் குமிழாக வெடிக்கும். தரையில் சிறிது தண்ணீர் தெளித்துவிட்டால் தூசு எழும்பாது. டப்பாவை உள்ளே குண்டு உருளத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தொலைவில், பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, முந்தைய பட்டையில் பாதியை மூடியபடி அடியுங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் கை முழுவதும் நகர வேண்டும். முதல் பூச்சில் பழைய நிறம் தெரிவது இயல்பே. அதை மூடிவிடும் ஆசைதான் வழிசலுக்குத் தாய். பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையில் 10 முதல் 15 நிமிடம் விடுங்கள்.

வழிந்துவிட்டது, குழி விழுந்துவிட்டது, சொரசொரப்பாக இருக்கிறது. மறுபடி தொடங்க வேண்டுமா?

வழிசலை ஈரத்தில் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் சிறு கட்டையில் 1500 எண் தாளைச் சுற்றி, அந்த மேட்டை மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமன்செய்யலாம். ஆரஞ்சுத் தோல்போன்ற சொரசொரப்பையும் 1500, 2000, 3000 என்று தேய்த்துக் கம்பவுண்ட் (பளபளப்பாக்கும் தேய்ப்புப் பசை) போட்டால் தணிக்கலாம். கிளியர் அடுக்கின் தடிப்பு 50 மைக்ரான் அளவில்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. விளிம்புகளிலும் வரிகளிலும் இன்னும் குறைவு. அந்த இடங்களில் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது நல்லது.

மீன்கண்போல் வட்டக் குழிகள் விழுந்தால் காரணம் சிலிக்கான். டயர், டேஷ்போர்டு பளபளப்பாக்கும் ஸ்ப்ரேக்களிலிருந்து வருவது. அதன்மேல் அடுத்த பூச்சை ஏற்றினால் குழியும் கூடவே ஏறும். காயவிட்டு, தேய்த்து, கரைப்பானால் துடைத்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். பெயின்ட் சுருங்கிக் காய்ந்த தோல்போல் ஆனால், அடியிலுள்ள பழைய பூச்சும் புதியதும் ஒத்துப்போகவில்லை. சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

கல்லடித்த சிறு தழும்புகளுக்கும் இவ்வளவு வேலை தேவையா?

தேவையில்லை. துருவைச் சுரண்டி, பல்குத்தும் குச்சியின் நுனியால் பிரைமரும் பிறகு நிறமும் துளித்துளியாக வைத்து, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததை வைத்தால் போதும். சிறு பெயின்ட் குப்பியின் மூடியோடு வரும் தூரிகை தழும்பைவிடப் பெரிய திட்டை உண்டாக்கிவிடும்.

எப்போது கழுவலாம், எப்போது மெழுகு போடலாம்?

ஒரு வாரம் கழுவ வேண்டாம். மெழுகும் பாலிஷும் ஒரு மாதத்துக்குப் பிறகு. தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டதாகப் பொருளில்லை. கரைப்பான் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும், மெழுகு அதன் வழியை அடைத்துவிடும். அதற்கிடையில் பறவை எச்சம் விழுந்தால் துடைக்காமல், அன்றைக்கே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைய விடுங்கள். பாகத்தைத் திரும்ப மாட்டுவதற்கு முன், சுத்தியல் பட்டுப் பூச்சு உதிர்ந்த உட்புறத்துக்கும் பிரைமர் அடித்து, துருத்தடுப்பு மெழுகு ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.